பதினோராவது பெயர்

ஓஸ்வால்ட் மாஸ்டரின் மாலை வகுப்பில் வேகமாகச் சுருக்கெழுத்து எழுதுகிறவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். நோரா அந்த ஆறில் சேர்த்தியில்லை. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிமிஷத்துக்கு நூறு வார்த்தை வாசித்தால் எண்பதிலேயே அவளுக்கு மூச்சு வாங்கிவிடும். ஆனால் வக்கீல் சுந்தரேசன், தமிழில் சொல்வதைக் குறித்துக்கொண்டு இங்கிலீஷில் டைப் அடிக்க ஓர் ஆள் வேண்டுமென்று சொல்லியனுப்பியபோது மாஸ்டர் அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்.

"வேகமா எழுதறவங்க காதுல விழாததையும் சேத்து எழுதிடுவாங்க. நீ விழுந்ததையே ரெண்டு தரம் கேப்ப. போ" என்றார்.

இது புகழ்ச்சியா, ஏச்சா என்று நோரா இரண்டு நாள் யோசித்தாள். முடிவுக்கு வர முடியவில்லை. பகலில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை அவளுக்கு. கரும்பலகையில் தானே எழுதிய கணக்கைக்கூட மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கேட்பாள்.

மாஸ்டரின் வகுப்பில் ஒரு கட்டாயம் உண்டு. ஒவ்வொருவரும் தினம் பத்து வரி நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில் எழுத வேண்டும். ஏழு நாள் கழித்து, எழுதியது மறந்துபோன பிறகு, அதைப் பார்த்துச் சாதாரண எழுத்தில் எழுதிக் காட்ட வேண்டும். சூடு ஆறிய பின் தன் கோடுகளைத் தானே படிக்க முடியாதவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்சி. மற்றவர்கள் கிரிக்கெட்டையும் மழையையும் எழுதி ஒப்பேற்றினார்கள். நோரா மட்டும் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, கண்ணால் பார்த்ததற்குக் 'க' என்றும் பிறர் சொல்லிக் கேட்டதற்குக் 'கே' என்றும் போட்டு வந்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம், அக்டோபர். யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பர்மாவிலிருந்து கப்பலிலும் கால்நடையாகவும் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பெங்களூர் கண்டோன்மெண்டில் உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்தன. அவர்களில் லெப்பான் என்ற சின்ன ரயிலடி ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்து சேராத பதினேழு நாட்களில், அந்த ஊரைப் பிடித்துக்கொண்ட போ மின் லாட் என்பவன் பதினோரு பேரை விசாரணையில்லாமல் சுட்டான் என்பது அந்தக் கணக்கு. 'போ' என்றால் அங்கே படைத்தலைவன். அந்தப் படைத்தலைவன்தான் இப்போது ரங்கூனில் அமைந்த புது சர்க்காரில் போக்குவரத்து இலாகாவுக்குப் பொறுப்பாளி. லெப்பானில் யாரையும் சுடவேயில்லை, எல்லாம் அகதிகள் கட்டிய கதை என்று அவர் பத்திரிகையில் சொல்லியிருந்தார்.

பர்மா நீதி இலாகாவிலிருந்து அனந்தபத்மநாபன் என்ற அதிகாரி வாக்குமூலங்களை வாங்க இந்தியாவுக்கு வந்திருந்தார். பெங்களூரில் அவருக்கு மூன்றே நாள். சனிக்கிழமை இரண்டரை மணி ரயிலில் மெட்ராஸுக்குத் திரும்புகிறார். அதற்குள் பிரமாணப் பத்திரம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சாட்சி ஒருத்திதான். அல்போன்சா. லெப்பான் ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்த ஹெர்பர்ட்டின் மனைவி. ஊரின் தெற்கே அடுகோடியில் தம்பி வீட்டில் இருந்தாள். வக்கீலின் அறையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில உக்காந்திருந்தான். முன்னால மேஜை. மேஜை மேல ஒண்ணுமில்ல. காகிதம் இல்ல, பேனா இல்ல. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பேரு கேட்டான். சொன்னதும் தலைய ஆட்டினான். அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லிட்டு, நான் பண்ண தப்பு என்னன்னு கேட்டாரு. அதுக்கும் தலைய ஆட்டினான்."

"நீங்க எங்கே இருந்தேள்?" என்று கேட்டார் சுந்தரேசன்.

"விளக்கு ரூமுல, சாமி. ஜன்னல் இருந்திச்சு. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் தெரிஞ்ச முகம். பேரு சொல்றேன், எழுதிக்கம்மா."

சொன்னாள். நோரா எழுதினாள். ஓரத்தில் 'க' போட்டாள். பத்துப் பெயர்.

வாக்குமூலம் முடிந்ததும், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அல்போன்சா நோராவிடம் சொன்னாள்: "அவன தூக்குல போடணும்னு நான் கேக்கல பாப்பா. சுடவே இல்லன்றானே. அப்ப எங்க வீட்டுக்காரரு எங்க போனாரு? பர்மாக்காரி ஒருத்தியோட குடித்தனம் பண்றாருன்னு எங்க தம்பி பொண்டாட்டியே பேசறா. நாலு வருஷமா கேட்டுக்கினு இருக்கேன்."

அந்த வெள்ளிக்கிழமை டைப் அடிக்க உட்கார்ந்தபோது நோராவுக்கு ஓர் உறுத்தல். ஊரெல்லாம் பதினொன்று என்கிறது. தாளில் பத்துத்தான் இருக்கிறது. பதினொன்று என்று எண்ணைப் போட்டுவிட்டு எதிரே வெற்றிடமாக விட அவள் கை கூசியது. அப்போதுதான் போன நவம்பர் நினைவுக்கு வந்தது. ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் செத்தவர்களின் பெயர்களைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு மாதா கோயிலில் கொடுக்கும். சாமியார் பூசையில் அவற்றை வாசித்து ஜெபிப்பார். 'பர்மா, லெப்பான்' என்று அவர் வாசித்த பெயர்களில் இந்தப் பத்தும் இருந்தன. கூடவே மதலைமுத்து என்று ஒரு பெயரும் இருந்தது. கோயில் காரியம் பார்க்கும் கோயில்பிள்ளையைக் கேட்டு அந்தக் காகிதத்தைத் தேடிப் பார்த்தாள். எழுத்தில் இருந்தது. பிரிஜெட் கொடுத்தது. மதலைமுத்துவின் மனைவி. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பதினோராவது இடத்தில் மதலைமுத்து ஏறினார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, அதிகாரி பெங்களூருக்கு வந்த அன்று, முழுவதையும் தமிழில் அல்போன்சாவுக்கு வாசித்துக் காட்டினாள். கடைசிப் பெயர் வந்ததும் அல்போன்சா விரல்விட்டு ஒரு தரம் எண்ணினாள். பிறகு, "ம்ம். பதினொண்ணுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றாள். மாஜிஸ்ட்ரேட் முன்னால் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து கைநாட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில், நோரா போன வெள்ளிக்கிழமைக் குறிப்பைப் பிரித்துச் சாதாரண எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆறாவது வரி: 'பதினோராவது பெயரைச் சேர்த்தேன்.' ஓரத்தில் 'கே'.

கேட்டது. யாரிடம்? சாமியாரிடம். சாமியாருக்கு யார் சொன்னார்கள்? காகிதம். காகிதத்துக்கு? பிரிஜெட். பிரிஜெட் யுத்தம் லெப்பானுக்கு வருவதற்கு முன்பே கப்பல் ஏறியவள். அவளுக்கு யார் சொன்னார்கள்? மீதி நாலு வரியை எழுதாமலே நோட்டை மூடினாள்.

சனிக்கிழமை விடிகாலைப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது அவள் படியிலேயே காத்திருந்தாள். பிரிஜெட் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு நர்ஸிங் ஹோமில் துணிமணி பார்ப்பவள், நல்ல வாய். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. விதவைக் கோலம் எதுவுமில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. மதலைமுத்து அண்ணன் லெப்பான்ல செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரு செத்தது?" என்றாள் பிரிஜெட்.

"போன வருஷம் ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பேரு குடுத்தீங்களே."

"குடுத்தேன். அதுக்கென்ன? நாலு வருஷமா கடுதாசி இல்ல. இருக்காரா போயிட்டாரான்னு ஒரு தாக்கலும் தெரியல. போயிருந்தா உத்தரிக்கிற ஸ்தலத்துல, அந்த நெருப்புல கெடந்து வேகட்டும்னு உடறதா? அந்த மனுஷன் பண்ணதுக்கு ஒரு பூசை பத்தவே பத்தாது. இருந்தாருன்னு வெச்சிக்கோ, அந்த ஜெபம் சும்னே போவாது, நாதியத்த வேற ஆத்துமாவுக்குப் போயிடும்னு முன்ன இருந்த சாமியாரே சொன்னாரு. சரி, ரெண்டுத்துக்கும் ஆவட்டும்னு எழுதிப் போட்டேன்."

"லெப்பான்னு போட்டீங்களே அக்கா."

"கடைசிக் கடுதாசி அங்க மில்லு ஸ்டோர்ஸ்லேர்ந்துதான் வந்திச்சு. வேற எந்த ஊருன்னு போடுவேன்? புதுச் சாமியாரு பாவம், எல்லாத்தையும் ஒண்ணா வாசிச்சிட்டாரு. அப்புறம் ஆளாளுக்கு வந்து துக்கம் கேட்டாங்க. நானும் வருத்தத்துலதானே இருக்கேன்னு பேசாம கேட்டுக்கினேன்." சட்டென்று நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன், என்ன ஆச்சு? யாரானும் எதானும் சொன்னாங்களா?"

"இல்லக்கா. யாரும் சொல்லல. அதான்" என்றாள் நோரா.

கமர்ஷியல் தெருவுக்குப் பின்னாலிருந்த வக்கீல் வீட்டுக்கு அவள் நடந்ததும் ஓடியதும் அவளுக்கே தெரியாது. வழியெல்லாம் ஒரே எண்ணம். பதினொன்று என்ற கணக்கே அந்த ஒரு பூசையில் பிறந்ததுதான். அதற்கு முன்னால் யாரும் அந்த எண்ணைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அதை நானும் டைப் அடித்து, ஒரு பாவப்பட்ட பொம்பளையைச் சத்தியம் பண்ண வைத்துவிட்டேனே.

சுந்தரேசன் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்தப் பேரை அல்போன்சா சொல்லலையா?"

"இல்ல சார். நான்தான் சேர்த்தேன். ஒரு இடம் காலியா இருந்தது."

"காலியா இருந்தா காலியா விடணும். சட்டத்திலே காலி இடம் குத்தமில்லே." இழுப்பறையிலிருந்து பிரமாணப் பத்திரத்தை எடுத்து அந்த வரியில் விரல் வைத்தார். "நாளைக்கு அந்த மனுஷன் உயிரோட வந்து நின்னா என்ன ஆகும் தெரியுமா? ஒரு பேர் பொய்யாப் போனா மத்த பத்தும் அதோட போயிடும். எதிராளி வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். காலை நீட்டிண்டு உக்காந்திருக்கலாம்."

"நான் அடுகோடிக்குப் போய் அல்போன்சா ஆன்ட்டி கிட்டே மன்னிப்புக் கேட்டு அழைச்சிட்டு வரேன் சார்."

"புதுசா யார் டைப் அடிக்கிறது?"

"வந்து அடிச்சிடறேன்."

"அவ்வளவு வேகம் உனக்கு இருக்கோ?"

"இல்ல சார்."

"அப்போ உக்காந்து அடி. மாஜிஸ்ட்ரேட் பன்னெண்டு மணிக்குக் கோர்ட்லேர்ந்து எழுந்துடுவார். நான் ஜட்கா அனுப்பறேன். மன்னிப்பை இங்கேயே கேட்டுக்கலாம், அது கெட்டுப்போற பண்டமில்லே."

அவள் அடித்தாள். அன்று ஒரு எழுத்துகூட அடிபிறழவில்லை. பத்து என்ற எண்ணோடு தாளை மிஷினிலிருந்து உருவியபோது வாசலில் குதிரை நின்றது.

அல்போன்சா விஷயத்தைக் கேட்டதும் முதலில் உட்கார மறுத்தாள்.

"முந்தாநேத்துதான் வேதப்புத்தகத்து மேல கை வெச்சேன். இன்னைக்கு வேற மாதிரி சொன்னா, இவ வாய்க்கு வந்ததச் சொல்றவன்னு ஆயிடாதா? அவன் அதைத்தானே சொல்றான்."

"தப்பு என்னுது ஆன்ட்டி. அந்தப் பேரு நீங்க சொல்லல. நான் எழுதினேன்."

"நீ எழுதின. கை வெச்சது யாரு?" அல்போன்சா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "படிச்ச பொண்ணு எழுதியிருக்கு, ஊரும் சொல்லுது, நம்ம கண்ணு என்னத்தக் கண்டுதுன்னு விட்டுட்டேன். வெச்சப்பவே உள்ளங்கை சுட்டுது. பத்து பேரத்தான் பாப்பா கூட்டிட்டுப் போனாங்க. பத்துத் தரம்தான் வெடிச் சத்தம் கேட்டுது. பதினொண்ணாவதுக்குக் காத்துக்கினு இருந்தேன். வரல."

அல்போன்சா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வா, போலாம். தெரிஞ்சே கையில வெச்சிக்கினு இருக்கறதுதான் பொய்யி. திருத்தினா பொய்யி இல்ல."

மாஜிஸ்ட்ரேட்டும் அதையே கேட்டார், எதற்காக மாற்றுகிறாய் என்று. "போன தரம் கேட்டதையும் சேத்துச் சொல்லிட்டேங்க. இந்தத் தரம் பார்த்தத மட்டும் சொல்றேன்" என்றாள் அல்போன்சா. அவர் பழைய தாளின் குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார். புதிய தாளில் அவள் பெருவிரல் பதிந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

அனந்தபத்மநாபன் பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துவிட்டு விடுதி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, களைத்த மனிதர். தாளை வாங்கி ஒவ்வொரு பெயராகப் பென்சில் நுனியால் தொட்டுக்கொண்டே போனார். பத்தாவது பெயரில் பென்சில் நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"பதினொண்ணு இல்லையா?"

ரத்தான தாளைச் சுந்தரேசன் மறைக்காமல் அவர் முன்னால் வைத்தார். "முதல்லே பதினொண்ணுன்னு அடிச்சிருந்தது. சாட்சி பார்த்தது பத்துத்தான். இன்னிக்குக் காலம்பற திருத்தினோம்."

"யார் கண்டுபிடிச்சது?"

"தப்புப் பண்ணினவளே" என்றார் வக்கீல், நோராவைப் பார்க்காமல்.

அதிகாரி தன் காகிதக் கட்டை அவிழ்த்து லெப்பான் கோப்பை எடுத்தார். அதிலிருந்து இரண்டு தாள்களை மேஜையில் பரப்பினார்.

"போன வருஷக் கடைசியிலே இங்கிருந்து கையெழுத்தில்லாம ஒரு கடிதம் ரங்கூனுக்கு வந்தது. பதினோரு பேர்னு அதிலே பெயர் விவரம். அதுக்கு மின் லாட் தரப்பு கொடுத்த பதில் இது. அந்தப் பதினோரு பேர்ல மதலைமுத்துங்கறவன் பர்மாவிலேயே மௌல்மீன்ல ஒரு மரக்கிடங்கிலே வேலை பார்க்கறான். உயிரோட இருக்கேன், லெப்பான்ல எனக்கு எந்தத் தீங்கும் நடக்கலைன்னு அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். ஆளை நேரிலும் பார்த்துட்டேன். ஒருத்தன் இருக்கான், அதனால யாரும் சாகலை. இதுதான் அவங்க வாதம். நீங்க இன்னிக்குப் பதினொண்ணு கொண்டுவந்திருந்தா, இந்தத் தாளை அது மேல வெச்சு மூடறதைத் தவிர எனக்கு வேற வழி இருந்திருக்காது."

பிறகு இரண்டாவது தாளை எடுத்தவர், அதை உடனே வாசிக்கவில்லை. அல்போன்சாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, போன ஆகஸ்டிலே லெப்பான் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால தோண்டிப் பார்த்தோம். இது யாருக்கும் தெரியாது, பத்திரிகையிலேயும் வரலை. பத்து உடம்பு இருந்தது. யார் சுட்டதுன்னு சொல்ல ஒரு சாட்சிதான் இல்லாம இருந்தது. ஒருத்தர் இடுப்பிலே ரயில்வே பக்கிள் போட்ட பெல்ட்."

"பித்தளை. நடுவுல கீறியிருக்கும்" என்றாள் அல்போன்சா.

"கீறியிருந்தது."

அவள் அழவில்லை. இரண்டு கைகளாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டாள். நாலு வருஷமாக உள்ளே இழுத்து வைத்திருந்த மூச்சு என்று நோராவுக்குத் தோன்றியது.

"அப்ப அவரு எங்கயும் போவல."

"எங்கேயும் போகலை, அம்மா. அங்கேயேதான் இருந்தார்."

"இனிமே என்ன பண்ணுவீங்க?"

"அவர் சர்க்கார்ல இருக்கார். தண்டனை வாங்கிக் கொடுப்பேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கதைன்னு இனிமே அவர் சொல்ல முடியாது. எந்தக் கோர்ட், எந்தக் குத்தம், யார் விசாரிச்சதுன்னு பத்துப் பேருக்கும் தனித்தனியாக் கேட்பேன். அவர் பதில் சொன்னாலும் சொல்லாட்டாலும் அது எழுத்திலே ஏறும்."

"கேளுங்க. அது போதும்" என்றாள் அல்போன்சா.

அவர் பிரமாணப் பத்திரத்தைக் கோப்பின் மேல்பக்கத்தில் வைத்து நூலால் கட்டினார். எழுந்துகொள்ளும்போது ஒரு சீட்டில் மதலைமுத்துவின் மௌல்மீன் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அந்த மனிதன் மூன்று கடிதம் கோலார் பக்கத்து மாரிக்குப்பத்துக்குப் போட்டானாம், மாமனார் வீட்டு விலாசத்துக்கு. மாமனார் செத்து அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்ததும் சுந்தரேசன் ஜட்காவைக் கைதட்டிக் கூப்பிட்டார். நோரா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். இந்தச் செய்தியை இந்த அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிக் கொண்டுபோவது என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஆன்ட்டி, நீங்க வீட்டுக்குப் போங்க. பிரிஜெட் அக்காகிட்ட நான் போய்ச் சொல்லிடறேன்."

"ஏன், எனக்கு வாயில்லையா?" அல்போன்சா வண்டியில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். "எம் புருஷன் பேரோட அவ புருஷன் பேரயும் சேத்து நான்தான் சத்தியம் பண்ணேன். நான்தான் எடுக்கணும். ஏறு பாப்பா. ரிச்சர்ட்ஸ் டவுன், ஜல்தி."

பிரிஜெட் நர்ஸிங் ஹோம் கொல்லையில், தான் குடியிருந்த அறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் கையிலிருந்த படுக்கை விரிப்பை நழுவவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அழுதாள், சிலுவை போட்டுக்கொண்டாள், சீட்டை வாங்கி நாலு தரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாரிக்குப்பத்துக்குப் போட்டாராமா? எங்கப்பாவோட பேச்சுவார்த்தையே இல்லாதவரு அவருக்கா எழுதினாரு?" என்றாள். "மரக்கிடங்குல வேலன்னா, சமைச்சுப் போடறது யாருன்னு கேட்டீங்களா?"

"அதையும் நீயே எழுதிக் கேளு" என்றாள் அல்போன்சா.

பிரிஜெட் சிரித்தாள். சிரித்தபடியே அல்போன்சாவின் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று அடங்கிப் போனாள். "அக்கா, உங்க வீட்டுக்காரரு…"

"கண்டுபிடிச்சிட்டாங்க பிரிஜெட். நம்ம ஆளுங்க பத்து பேரும் ஒண்ணாத்தான் இருந்திருக்காங்க. இனிமே எங்க தம்பி பொண்டாட்டி வாயத் தொறக்க மாட்டா."

பிரிஜெட் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நோராவும் போனாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அடுப்படி வாசனை வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று தட்டு வைத்து, நேற்றைய மீன் குழம்பைச் சுடவைத்து, சோற்றைக் குவித்துப் போட்டாள் பிரிஜெட். மௌல்மீன் மனிதனை வரிவரியாக ஏசிக்கொண்டே பரிமாறினாள். அல்போன்சா நிதானமாகச் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் அதை முன்னால் தள்ளி, இன்னும் கொஞ்சம் போடு என்றாள்.